தண்ணீர் ஊற்றாத டம்ளர்

எங்கள் தலைமையாசிரியருக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். பாடம் பாழாய்ப் போனாலும் பரவாயில்லை, பார்வைக்கு லட்சணமாக இருந்தால் போதும். இந்த மனிதரோடு மாரடிக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

என் இரண்டாம் வகுப்பு ஜன்னலோரம் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பஞ்சு, பஞ்சுக்குள் பயறு. பிள்ளைகள் தினமும் தண்ணீர் தெளித்தார்கள், முளை வந்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் சொட்டுத் தண்ணீர் கூடாது என்பது ஏற்பாடு. தண்ணீர் இல்லாவிட்டால் விதை முளைக்காது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கத்தான். அதில் 'தண்ணீர் கிடையாது' என்று சீட்டு ஒட்டி, காவலுக்கு ஒருத்தியை வைத்தேன். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் புளுகுமூட்டை. வீட்டில் யானை இருக்கிறது, மாமா நிலாவுக்குப் போயிருக்கிறார் என்று அளந்து விடுவாள். இனியாவது அவள் பேச்சை நாலு பேர் நம்பட்டும் என்றுதான் இந்தப் பொறுப்பைக் கொடுத்தேன். அவளும் பூதம் மாதிரிக் காவல் காத்தாள். ஈரக்கையோடு ஒருவரும் பக்கத்தில் போக முடியாது.

அன்று மேலதிகாரி வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னங்க டீச்சர், ஒண்ணு மட்டும் மூளியா நிக்குது? வர்றவர் என்ன நினைப்பார்?"

"அதுதான் சார் பாடமே. தயவுசெஞ்சு கை வச்சிடாதீங்க."

"சரி சரி" என்று போனார். நான் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போய்த் திரும்பினேன். பின்னாலேயே அதிகாரியும் அவரும் வந்து நின்றார்கள்.

"தண்ணி ஊத்தாத விதை என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் காட்டும்மா" என்றேன்.

அவள் பெருமையாக டம்ளரைத் தூக்கினாள். சீட்டு அதே சீட்டு. உள்ளே பச்சைப் பசேலென்று முளை.

வகுப்பே கத்தியது. "புளுகுமூட்டை தண்ணி ஊத்திட்டா டீச்சர்!"

"அய்யோ, இல்ல டீச்சர்! சத்தியமா நான் ஊத்தல!"

"பொய்! பொய்!"

தலைமையாசிரியரைப் பார்த்தேன். மனிதர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இதே பாடம் நடக்கும் பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு டம்ளரைத் தூக்கி வந்து, எங்கள் சீட்டை உரித்து அதில் ஒட்டியிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தை உடைந்துபோனாள்.

"நான்தான்... நான்தான் ஊத்தினேன்" என்று தேம்பினாள்.

தலைமையாசிரியர் அவள் தலையைத் தடவினார். "பரவால்லம்மா. உண்மையை ஒத்துக்கிட்டே பாரு, அதான் நல்ல பிள்ளை."

அடப்பாவி! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதிகாரி இருக்கிறார், வேலைக்கு ஆபத்து, ஒரு மண்ணாங்கட்டியும் நினைவில் இல்லை. விடுவிடுவென்று அவர் அறைக்குப் போனேன். மேஜைக்கு அடியில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் எங்கள் டம்ளர். எடுத்து வந்து அதிகாரியின் முன்னால் 'டங்'கென்று வைத்துவிட்டு, தலைமையாசிரியர் பக்கம் திரும்பினேன்.

"இது உங்க ரூம்ல இருந்துச்சு சார். மாத்தி வச்சது யாருன்னு நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"டீச்சர், வெளியே போய்ப் பேசிக்கலாமே..."

"குழந்தையை எல்லார் முன்னாடியும்தானே சார் பொய் சொல்ல வச்சீங்க? நீங்களும் இங்கேயே சொல்லுங்க."

அவர் காது சிவந்தது. "நான்தான்... பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு..." என்று முனகினார்.

அவள் மெல்ல வந்து டம்ளருக்குள் விரலை விட்டாள். பஞ்சு காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பயறு போட்டது போட்டபடி கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஊத்தலியா டீச்சர்?"