பக்கத்து ஆளின் பாரம்

மாஹ்லகாவின் வாய்க்கு அந்த ஆலையில் எல்லாரும் பயப்படுவார்கள். விருந்தாளியைக் கண்டால் மட்டும் அது அவளுக்கே எதிரியாகிவிடும்.

ஈரானின் மேய்போத் ஊர் டைல்ஸ் ஆலையில், விளக்கடியில் ஓடிவரும் ஒவ்வொரு டைலையும் கண் இமைப்பதற்குள் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது அவள் வேலை. அவளும் பர்வானேயும் மாறி மாறி நிற்பார்கள். எந்த வேலை மூளையை எவ்வளவு பிழிகிறது என்று அளக்க, தெஹ்ரானிலிருந்து நிகார் என்ற ஆய்வாளர் வந்தாள். பெண்களை அந்த ஊர் வழக்கப்படி 'கானும்', அதாவது 'அம்மா', என்று மரியாதையாக அழைத்தாள்.

"ரொம்பக் களைப்பா இருக்குமே, கானும்?"

"ஐயோ, இதெல்லாம் ஒரு வேலையா! சும்மா வேடிக்கை பாக்கறது. அவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்தீங்களே, உங்க பாடுதான் பாடு."

விருந்தாளியிடம் களைப்பைச் சொல்வது, தேநீரைக் கொடுத்துவிட்டுச் சர்க்கரையைத் திருப்பிக் கேட்பதுபோல. ஆலையே அப்படித்தான் பதில் சொன்னது. சூளைக்காரர், நெருப்பைத் தோட்டத்துக் காற்று என்றே சொல்லிவிட்டார்.

மறுநாள் நிகாரின் குறிப்பைப் படித்த மேலாளர் மலர்ந்த முகத்தோடு வந்தார். "வேடிக்கை பாக்க ஒரு ஆள் போதுமே! பர்வானேயைப் பெட்டி கட்ட அனுப்பிடலாம்."

மாஹ்லகா விளக்கடியைத் திரும்பிப் பார்த்தாள். தனியாக நின்றால் மதியத்துக்குள் நல்ல டைலும் கீறல் டைலும் ஒரே முகமாகிவிடும். அதற்காக, நேற்றுச் சும்மா சொன்னேன் என்று போய் நிற்பதா? அவள் நிகாரின் கையைப் பிடித்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஃபரோக்கிடம் இழுத்துப் போனாள்.

"என்னை எதுக்கும்மா கேக்கறீங்க? என் வேலையப் பத்தி இவனைக் கேளுங்க."

"அக்கா வேலையா?" ஃபரோக் தலையில் கைவைத்தான். "ஒருநாள் அவங்க டீக்குப் போனப்ப நான் நின்னேன். அன்னிக்கு ராத்திரி வீட்டு ரொட்டியையெல்லாம் ரெண்டாம் தரம்னு ஒதுக்கிட்டேன். பொண்டாட்டி இன்னும் பேசல."

"இவன் மட்டும் என்னவாம்? முன்னால மலையாட்டம் பெட்டி, ஒண்ணும் தெரியாது. பின்னாலயே ஓட்டறான், பாவம். முதுகுல ஒரு மூளை வேணும்!"

நிகாருக்குப் பிடி கிடைத்துவிட்டது. அதன்பின் ஒவ்வொருவரிடமும் பக்கத்து ஆளைப் பற்றியே கேட்டாள். மடை திறந்தது. மேலாளர் வேலையைப் பற்றி மட்டும் எல்லாரும் மரியாதையாக மௌனம் காத்தார்கள்.

விளக்கடியில் இரண்டு பேரும் இருக்கட்டும் என்று, நிகாரின் புதுக் குறிப்பைப் படித்த மேலாளர் மூக்கைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

கிளம்பும்போது நிகார் கையசைத்தாள். "களைச்சுப் போயிடாதீங்க, கானும்!"

"களைப்பா? இதெல்லாம் ஒரு வே..."

பர்வானே அவள் காலை ஓங்கி மிதித்தாள்.