ஜீப்பில் மூன்றாவது இருக்கை

வண்டியின் கூரையில் ஓட்டை போட வேண்டும் என்று நான் சொன்னதும் என் தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஜீப் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. காடு, மேடு, பாறை எதிலும் ஏறும் என்று சொல்லி வாங்கிய வண்டி. ஆனால் வாசலில் யாராவது அதன்மேல் சாய்ந்து நின்றால் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவருவான்.

"ஓட்டையா? ஏங்க்கா, காந்தம் வச்ச ஆன்டெனா இருக்கே, அதை அப்படியே ஒட்டிட்டுப் போயிடலாமே."

"முதல் பள்ளத்துலயே பறந்துடும். அப்புறம் நீ ஆன்டெனாவைத் தேடு, நாங்க உன்னைத் தேடுறோம்."

"பம்பர்ல மாட்டினா?"

"மாட்டலாமே. ஒரு பக்கம் நல்லாக் கேக்கும், இன்னொரு பக்கத்தை வண்டியே மறைச்சுக்கும். உனக்கு ரேடியோ வேணுமா, வண்டிக்குக் கொம்பு வேணுமா?"

தம்பியின் மனைவி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் துறைமுகத்து ஒயர்லெஸ் அறையில் வேலை பார்த்தவள். கப்பல்களோடு பேசுவதுதான் வேலை. அறைக்கு ஜன்னல் கிடையாது. எத்தனையோ ஊர், எத்தனையோ புயல், எல்லாம் எனக்குக் காது வழியாகத்தான். "இங்கே பனி கொட்டுகிறது" என்பான் ஒருவன், "இங்கே திமிங்கிலம் போகிறது" என்பான் இன்னொருவன். நான் நேரம் போட்டு எழுதிக்கொள்வேன். ஓய்வு பெற்றபின், தனியாட்கள் பொழுதுபோக்காக வைத்துப் பேசுகிற ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ஒரு மூலையில் செட்டை வைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்றால் ஆகவில்லை, அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை. உறவுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஒயர்லெஸ்' என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

தம்பி ஒரு ஜீப் சங்கத்தில் சேர்ந்திருந்தான். அவர்கள் இந்த வருடம் பத்து நாள் பயணமாக உப்புவெளிக்குப் போகிறார்கள். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், மரம் இல்லை, வீடு இல்லை, வெறும் வெள்ளைத் தரை. கைபேசி எடுக்காது. அதனால் ஒவ்வொரு வண்டியிலும் ஹாம் ரேடியோ ஒன்றும், லைசென்ஸ் உள்ள ஆள் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சங்கத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் பல் டாக்டர். பிடுங்க வேண்டியதைப் பிடுங்காமல் விட மாட்டார்.

தண்ணீர்க் கேனும் டீசல் கேனும் ஏற்றியது போக ஜீப்பில் மூன்று பேர்தான் உட்கார முடியும். தம்பி, அவன் மனைவி, மூன்றாவது நான். "நீ இல்லாம வண்டியே கிளம்பாதுக்கா" என்றான். நான் கேட்கவில்லை, அவனாகவே வாயைத் திறந்து சொன்னான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். ஐம்பத்தொன்பது வயதில் முதல்முறையாக ஒரு இடத்தைப் பற்றி யாரோ சொல்லக் கேட்காமல் நானே போய்ப் பார்க்கப் போகிறேன். அடுத்த நாளே கடைக்குப் போய்க் கணுக்கால் வரை மூடுகிற ஷூ ஒன்று வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மூன்று வாரம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினேன். கூரையின் நடுவில் நானே அளந்து, நானே துளை போட்டேன். தம்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், ஏதோ ஆபரேஷன் நடக்கிற மாதிரி. துளையைச் சுற்றி உள்பக்கம் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவார்கள். ஆன்டெனாவின் அடி இரும்பைத் தொடாமல் பெயின்ட் மேலேயே மாட்டிவிட்டு, 'ரேடியோ சரியில்லை' என்று ரேடியோவைத் திட்டுவார்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வரவேண்டும், சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுக்கிற சோம்பேறித்தனம் என்னிடம் கிடையாது. இரண்டு ஒயருக்கும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இன்ஜினிலிருந்து உள்ளே வருகிற ஓட்டையில் ரப்பர் வளையம், இல்லாவிட்டால் தகரம் ஒயரை அறுத்துவிடும். ஆன்டெனாக் கம்பியை மீட்டரைப் பார்த்துப் பார்த்து அரிசி அரிசியாக நறுக்கினேன். முதுகு விண்டுபோயிற்று. ஆனால் மீட்டர் ஊசி சரியான இடத்துக்கு இறங்கி நின்றபோது, அடடா, அந்தத் திருப்தியை யாரிடம் சொல்ல?

ரேடியோவில் ஒரு வசதி உண்டு. மைக் பொத்தானை மூன்று நிமிடத்துக்குமேல் விடாமல் அழுத்தினால் ஒலிபரப்பு தானாக நின்றுவிடும். அதை நான் அணைத்து வைத்தேன். ஆபத்தில் இருக்கிறவன் பேசும்போது ஒரு இயந்திரம் குறுக்கே வந்து வாயைப் பொத்தக் கூடாது, அது என் துறைமுகத்துப் புத்தி. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அங்கேதான்.

இதற்கிடையில் சாயங்காலம் தோறும் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எனக்கும் கொஞ்சம் புரிஞ்சா உனக்கு உதவியா இருக்கும்ல" என்று கேள்விமேல் கேள்வி கேட்டான். எனக்கோ தலைகால் புரியவில்லை. என் நோட்டு முழுவதையும் எடுத்துக் கொடுத்தேன். சின்ன வயதில் நான் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளாத பயல், இப்போது அலைநீளம் பற்றிக் கேட்கிறானே என்று பூரித்துப்போனேன். அசடு, வடிகட்டிய அசடு நான்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருந்தது. மைக் மாட்டுகிற கிளிப்பும், கேபிளைக் கூரையோடு பதிக்கிற வேலையும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூரச் சோதனை வைத்தோம். அவனும் மனைவியும் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே போக வேண்டும், ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை என்னை அழைக்க வேண்டும். நான் வீட்டுச் செட்டின் முன்னால் உட்கார்ந்து எப்படிக் கேட்கிறது என்று எழுதுவேன். லைசென்ஸ் இல்லாதவன் தனியாகப் பேசக் கூடாது என்பதால், லைசென்ஸோடு எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல்லி, என் மேற்பார்வையில் பேசச் சொன்னேன். "சரிங்க்கா, சரிங்க்கா" என்று தலையை ஆட்டினான்.

ஐந்து, பத்து, பதினைந்து. கண்ணாடி மாதிரி கேட்டது. முப்பதாவது கிலோமீட்டரில் "சூப்பர்க்கா, டீ குடிச்சிட்டுத் திரும்புறோம்" என்றான். மைக்கை வைத்த சத்தம் கேட்டது. ஆனால் அலை நிற்கவில்லை. வண்டியின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளிப் இல்லாததால் மைக்கை எங்கேயோ இருக்கைக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவே சொருகியிருக்கிறான், பொத்தான் அழுந்திவிட்டது. பொத்தான் அழுந்தியிருக்கிறவரை அந்த ரேடியோ பேசும், கேட்காது. நான் இங்கிருந்து கத்தினாலும் அவன் காதில் விழாது. தெரிந்தும் ஒருமுறை கத்தினேன்.

"உங்க அக்காகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?" தம்பி மனைவியின் குரல்.

"முதல்ல வேலை முடியட்டும். இப்பச் சொன்னா பாதியிலயே போட்டுட்டுப் போயிடும்."

"பாவங்க. ஷூ எல்லாம் வாங்கி வச்சிருக்காங்க."

"யாரு வாங்கச் சொன்னா? பத்து நாள் அந்த வாயை யாரு தாங்குறது? அப்படிப் பேசாத, இப்படிப் பேசாத, ஃபியூஸைப் பாத்தியா, ஒயரைப் பாத்தியான்னு. எனக்குத்தான் வியாழக்கிழமையே லைசென்ஸ் வந்துடுச்சே. உன் தம்பி வரட்டும். டயர் மாத்தவாவது உதவுவான்."

"அவங்க சொல்லிக் குடுத்துத்தானே பாஸ் பண்ணீங்க?"

"அதுக்காக? காலம் பூரா தலையில தூக்கி வச்சுக்கணுமா? 'உனக்கு முட்டிவலி, நீ வீட்லேருந்தே கன்ட்ரோல் பண்ணுக்கா'ன்னு சொன்னா ஒத்துக்கும். அதுக்கு என்ன வேணும்? ஒரு ரேடியோ, ஒரு நாற்காலி, போதும்."

அது. என் தம்பிக்கு நான் அது.

கைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஒரு போன் போட்டிருந்தால் நின்றிருக்கும். போடவில்லை. மீதியையும் கேட்க வேண்டும் போல இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் கை பாட்டுக்குப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் அதுதான் சட்டம், காதில் விழுந்ததை விழுந்தபடி நேரம் போட்டு எழுத வேண்டும், சொந்தக் கருத்து ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது. 10.42, 'உங்க அக்காகிட்ட'. 10.43, 'பாவங்க'. பதினோரு நிமிடம் எழுதினேன். எல்லாம் அத்தனை தெளிவு, அவள் வளையல் சத்தம்கூடக் கேட்டது. பாழாய்ப்போன ஆன்டெனா, கொஞ்சம் மோசமாகத்தான் மாட்டியிருக்கக் கூடாதா? வண்டி எதிலோ குலுங்கி மைக் நழுவியிருக்க வேண்டும், சட்டென்று அமைதியாயிற்று.

உடனே கைபேசி அடித்தது. பல் டாக்டர். அவர் வீட்டுச் செட்டும் அதே அலைவரிசையில்தான் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அக்கா" என்றார். "நான் ஒண்ணும் கேக்கலக்கா."

"நல்லது டாக்டர்" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுதேன். தம்பி பேசியபோது வராத அழுகை, அந்த மனிதர் கேட்கவில்லை என்றபோது வந்தது.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பினார்கள். தம்பி சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எப்படிக்கா, முப்பது கிலோமீட்டர்ல கேட்டுச்சா?"

பதிவேட்டை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "நீயே படிச்சுக்கோ."

நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தான். பாதியில் உட்கார்ந்தான். அவன் மனைவி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தவள், "ஐயோ அண்ணி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒட்டுக்கேட்டியா?" என்றான் அவன்.

"யாருடா ஒட்டுக்கேட்டது? ஊருக்கே ஒலிபரப்பிட்டு என்னைக் கேக்குற? வியாழக்கிழமை லைசென்ஸ் வாங்கினவன், இன்னைக்கு என் அழைப்புக்குறியைச் சொல்லிப் பேசினியே, நாக்கு கூசலையா?"

"அண்ணி, நான் அப்பவே சொன்னேன்…"

"நீ சொன்னதும் எழுதியிருக்கேம்மா. ரெண்டாவது வரி."

தம்பி பதிவேட்டை மூடினான். குரலைத் தழைத்து, என் கையைக்கூடத் தொட்டு, "தப்புதான்க்கா. ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். இவ தம்பி வேணாம், நீயே வா. நான் அவன்கிட்டப் பேசிக்கிறேன்" என்றான்.

மானம் ரோஷம் உள்ள எவளும் அந்த இடத்தில் எழுந்து, 'உன் வண்டியும் வேண்டாம், நீயும் வேண்டாம், வெளியே போடா' என்றிருப்பாள். என் வாயைப் பற்றித்தான் ஊருக்கே தெரியுமே, நானும் அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அந்த வெள்ளைத் தரை கண்ணுக்குள் நின்றது. இனி இன்னொரு முறை யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்?

"சரி, வர்றேன்" என்றேன்.

அவன் முகத்தை நான் பார்த்தேன். கூரையில் ஓட்டை என்று சொன்னபோதுகூட அது அப்படிப் போகவில்லை. மனைவியைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான்.

"இல்லக்கா… அவன் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டான். இப்பப் போய் வேணாம்னா மாமனார் வீட்டுல… உனக்கும் முட்டி வேற…"

என் ரோஷத்தை நம்பித்தான் கூப்பிட்டிருக்கிறான். நான் எழுந்து கத்துவேன், அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வான், அத்தோடு கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறான். நான் வருகிறேன் என்பேன் என்று அவன் கனவிலும் எண்ணவில்லை.

"தெரியும்டா" என்றேன். "நீ கையைத் தொடும்போதே தெரியும், சும்மா ஒப்புக்குக் கூப்பிடுறன்னு."

"அப்புறம் ஏன்க்கா வர்றேன்னு சொன்ன?"

"ஆசையா இருந்துச்சுடா" என்றேன்.