அத்தை போர்த்திய ஐம்பத்தெட்டு

ஆணியில் தொங்கும்போது அந்த ஜாக்கெட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறுப்புத் துணி, கெட்டித் தையல், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் அடி தாங்கும் பேட். ஆனால் ஷெரலி அதை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து கையை நீட்டினால் போதும், முழங்கை பேட் நாலு விரல் கீழே இறங்கி முன்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் காலையில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பான். இன்றைக்காவது அதற்கு நல்ல புத்தி வந்திருக்காதா என்று ஒரு நப்பாசை. வராது. சனியன், துணிக்கு எங்கே புத்தி வரும்.

வேறு எந்த இடத்துப் பேட் இறங்கினாலும் அவன் இவ்வளவு அலட்டிக்கொண்டிருக்க மாட்டான். போன அக்டோபரில் கால்மாக்-அஷூ கணவாய் இறக்கத்தில் சரளைக் கல்லில் சறுக்கி விழுந்தபோது நொறுங்கியது இந்த வலது முழங்கைதான். பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து ஐந்து திருகாணி முடுக்கினார்கள். "இன்னொரு தடவை இதே இடத்துல அடி வாங்குன, கை மடங்காது. அப்புறம் வண்டிய மறந்துடு" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். வெளிநாட்டுக்காரர்களை மோட்டார் சைக்கிளில் சோங்-கோல் ஏரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது ஷெரலியின் பிழைப்பு. மடங்காத கையால் ஆக்ஸிலரேட்டரை எப்படி முறுக்குவது?

அதனால்தான் குளிர்காலம் முழுக்கத் தேடி, பிஷ்கெக்கில் ஒரு கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஹாண்டில் பிடிப்பதுபோல் கையை நீட்டி, ஏழெட்டு ஜாக்கெட் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, ஐம்பதாம் நம்பரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு வந்தான். கையை மடக்கினாலும் நீட்டினாலும் பேட் முழங்கையைக் கவ்விக்கொண்டு நின்றது. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பெரிசாத்திடம் சொன்னதுதான் அவன் செய்த ஒரே தப்பு. அவள் போனில் அம்மாவிடம் சொன்னாள்.

அவள் அம்மா புருல்கான் லேசுப்பட்ட பெண்மணி இல்லை. கோச்கோர் சந்தையில் முப்பது வருஷமாக மாவு மூட்டை விற்றவள். வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே நுழைவாள். மனசும் அதே அகலம். அந்த வாரமே அவள் மகன் கல்யாணம் வந்தது. வீட்டு மாப்பிள்ளைக்குக் கியித் போர்த்த வேண்டும். கோட்டோ அங்கியோ, எதுவானாலும் கல்யாணத்தில் சம்பந்திகள் தோளில் போர்த்துகிற மரியாதைத் துணி அது. இந்தத் தடவை கோட்டு வேண்டாம், மாப்பிள்ளை ஆசைப்பட்ட ஜாக்கெட்டையே போர்த்திவிடலாம் என்று புருல்கான் யாரிடமும் சொல்லாமல் பிஷ்கெக் போய் வாங்கி வந்துவிட்டாள். அதே கடை. அதே ஜாக்கெட். நம்பர் மட்டும் ஐம்பத்தெட்டு.

கல்யாணப் பந்தலில் எண்பது பேருக்கு முன்னால், விலைச் சீட்டைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, அவன் தோளில் போர்த்தினாள். கை விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. "நல்லாயிருக்கட்டும்! போட்டுக் கிழிக்கட்டும்!" என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். ஒரு பெரியப்பா, "கொஞ்சம் பெருசுதான். இருக்கட்டும், வளருவான்" என்றார். ஷெரலிக்கு அப்போது வயது முப்பத்தாறு.

அத்தோடு கதை முடிந்தது. போர்த்திய கியித்தைத் திருப்பிக் கொடுப்பதும் சம்பந்தம் வேண்டாம் என்பதும் ஒன்று. மாப்பிள்ளை என்பவன் மாமியார் வீட்டில் தலையைக் குனிந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கதவோரம் உட்கார வேண்டியவன். அளவு சரியில்லை என்று அவன் வாயைத் திறந்தான் என்றால் ஊர் காறித் துப்பும்.

பெரிசாத்திடம் கெஞ்சிப் பார்த்தான். "நீயாவது உங்கம்மாகிட்டப் பக்குவமா சொல்லேன்."

"நானா? நல்லா இருக்கே! அம்மா எத்தனை ஆசையா வாங்கிட்டு வந்தாங்க தெரியுமா? மனசு விட்டுப் போயிடும்ங்க. உள்ள ஒரு ஸ்வெட்டர் போட்டுக்குங்களேன்."

"ஜூன் மாசத்துலயா?"

"மலை மேல குளிருமில்ல?"

ஸ்வெட்டர் போட்டான். அதன் மேல் பஞ்சு வைத்த கையில்லாச் சட்டையும் போட்டான். வியர்த்துக் கொட்டியதே தவிர பேட் ஏறி வரவில்லை. கையைச் சுற்றி ஒட்டுப்பட்டை கட்டிப் பார்த்தான். பத்து நிமிஷம் நின்றது, குலுங்கினதும் நழுவியது. சந்தைத் தையல்காரி அனார்குலிடம் எடுத்துப் போனான். அவள் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். "இதுல கத்திரிக்கோல் வெச்சா விழும்போது தையல் விட்டுடும் தம்பி. அதுவுமில்லாம, இது புருல்கான் அக்கா போர்த்தின கியித்தாச்சே. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, பாக்கலாம்."

கேட்பதாம்! கேட்க முடிந்தால் உன்னிடம் எதற்கு வருகிறேன் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு வீடு திரும்பினான். வேறொன்று வாங்கிக்கொள்ளவும் வழியில்லை. அத்தை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கோச்கோரில் ஒருவன் புது ஜாக்கெட் போட்டால் அவன் தெருமுனை திரும்புவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

பனி உருகிக் கணவாய் திறந்து முதல் பயணம் கிளம்ப வேண்டிய காலை. ஆறு வெளிநாட்டுக்காரர்கள் முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு விடும் ஆறு ஜாக்கெட்டும் அவர்களுக்கே போய்விட்டது. ஷெரலி ஐம்பத்தெட்டை மாட்டிக்கொண்டு கொட்டகையிலிருந்து தன் வண்டியை வெளியே எடுத்தான். வாசல் சரளையில் முன்சக்கரம் லேசாக வழுக்கியது. ஓட்டம்கூட இல்லை, வெறும் உருட்டல்தான். தொளதொளவென்ற ஜாக்கெட் கை ஹாண்டிலில் சிக்கிக்கொள்ள, வண்டியோடு வலது பக்கம் சாய்ந்தான். பேட் முன்கையில் பத்திரமாக இருந்தது. முழங்கைதான் கல்லில் போய் இடித்தது.

கண்ணில் பொறி பறந்தது. மெதுவாகக் கையை மடக்கிப் பார்த்தான். மடங்கியது, ஆனால் உயிர் போனது. ஐயோ, போயிற்றா, எல்லாம் போயிற்றா என்று மனசு அடித்துக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்து இடது கையாலேயே வண்டியை நிமிர்த்தி நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்தான். அங்கே கம்பளத்தின் மேல் புருல்கான் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையை வழியனுப்ப ஒரு குண்டான் நிறையப் பூர்சோக் மாவுருண்டை பொரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வாங்க மாப்ளே! ஆஹா, ஜாக்கெட்டுல ராஜா மாதிரி இருக்கீங்க. கண்ணு பட்டுடப் போகுது."

"ஆமாங்க அத்தை" என்றான் ஷெரலி. வேறென்ன சொல்வது.

அந்த நேரம் பார்த்தா அந்த ஆறு பேரில் மாரெக் என்கிற போலந்துப் பல் டாக்டர் ஜாக்கெட்டோடு வந்து நிற்க வேண்டும்? எடுத்துக் கொடுத்ததைப் போடாமல், இன்னொருவனுடைய பெரிய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். ஓட்டை ரஷ்ய மொழியில், "இது நல்லது. காத்து வருது. சொகுசு" என்றான்.

ஷெரலிக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு மாசமாக அடக்கி வைத்ததெல்லாம் அந்த அப்பாவி மேல் திரும்பியது.

"சொகுசா? கழட்டுய்யா அதை! சொகுசுக்கு வீட்ல மெத்தை இருக்கு. உக்காரு வண்டியில. கையை நீட்டு. பேட் எங்க இருக்கு பாரு, எங்க இருக்கு? முழங்கையிலயா இருக்கு? நிக்கிறப்போ எல்லாம் சரியாத்தான் இருக்கும். உக்காந்து கையை நீட்டினாத்தான் வண்டவாளம் தெரியும். விழுறப்போ இது ஒரு பக்கம் போகும், உன் எலும்பு ஒரு பக்கம் போகும். எலும்பு மேல இல்லாத பேட் எதுக்கு, ஜோடனைக்கா? ஹெல்மெட்டைப் போடு. கன்னத்தைப் பிடிக்குதா? பிடிக்கணும். தலையை ஆட்டு. ஹெல்மெட் தனியா ஆடுச்சுன்னா அது ஹெல்மெட் இல்ல, வாளி!"

புருல்கான் பூர்சோக்கைக் கடித்தபடி மகளைக் கேட்டாள். "என்னடி, மாப்ளை இந்தக் கத்து கத்துறார்? கொஞ்சம் பெருசா இருந்தா என்னவாம்?"

பெரிசாத் தரையைப் பார்த்துக்கொண்டு டீ ஊற்றினாள்.

மாரெக் பாவம், பயந்துபோய்ச் சொன்னபடியே கழற்றினான். கழற்றியவன் சும்மா போயிருக்கலாம். ஷெரலியின் கையை உற்றுப் பார்த்தான். "ஷெரலி, உன்னோடது? உன்னோடதும் கீழ."

"என்னோடதை விடு."

"கீழதான் இருக்கு. ரொம்பக் கீழ" என்று விரலால் தொட்டுக் காட்டினான்.

புருல்கான் கடிப்பதை நிறுத்தினாள். கம்பளத்தில் கையூன்றி எழுந்து வந்தாள். "எங்க, அந்த வண்டியில உக்காருங்க மாப்ளே. கையை நீட்டுங்க."

"வேணாங்க அத்தை, சரியாத்தான் இருக்கு..."

"உக்காருங்கன்னேன்!"

உட்கார்ந்தான். நீட்டினான். அவள் பேட்டைத் தேடி முன்கையில் பிடித்தாள். பிறகு அது இருக்க வேண்டிய இடத்தை அழுத்தினாள். மாவு மூட்டை தூக்கிய விரல்கள். ஷெரலி அலறிய அலறலில் கொட்டகைக் கோழிகள் சிதறி ஓடின.

ஜாக்கெட் கையை மேலே சுருட்டினாள். முழங்கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது.

"இது எப்போ?"

"இப்பத்தாங்க. வாசல்ல."

"இதைப் போட்டுக்கிட்டே விழுந்தியா? போட்டுக்கிட்டே அடிபட்டுதா?" நீங்க போய் நீ வந்துவிட்டது. "ஒரு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? இந்தப் போலந்துக்காரனுக்கு அந்தப் பாட்டுப் பாடுற, எனக்கு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

ஷெரலிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "எப்படிச் சொல்றது? எப்படிங்க சொல்றது அத்தை? எண்பது பேர் முன்னாடி போர்த்தினீங்க. சொன்னா கியித்தைத் திருப்புறான், சம்பந்தத்தை முறிக்கிறான்னு பேச்சாகும். உங்க மக சொல்ல மாட்டேன்னா. தையக்காரி கத்திரி வெக்க மாட்டேன்னா. நான் எங்கதான் போறது? எனக்கு ஐம்பது. இது ஐம்பத்தெட்டு! கை போச்சுன்னா என் பிழைப்பே போச்சு, நான் பயந்து பயந்து சாகுறேன்!"

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. பெரிசாத் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷெரலி மெல்ல ஜாக்கெட்டைக் கழற்றினான். திருப்பிக் கொடுக்க முடியாது. வைத்துக்கொள்ளவும் முடியாது. கையில் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அப்போதுதான் அது தோன்றியது. கியித் வாங்கினவன் பதில் கியித் போர்த்த வேண்டும், அதுவும் முறைதானே? கல்யாணத்திலிருந்து அவன் இன்னும் போர்த்தவில்லை. ஒரு எட்டு வைத்து, ஜாக்கெட்டை விரித்து, அத்தையின் தோளில் போர்த்தினான்.

"நல்லாயிருக்கட்டும் அத்தை. போட்டுக் கிழிங்க" என்றான்.

போர்த்தியதைத் தள்ள அவளாலும் முடியாது. புருல்கான் ஒரு கணம் அவனை முறைத்தாள். பிறகு ஒரு கையை நுழைத்தாள், மறு கையை நுழைத்தாள், ஜிப்பை இழுத்தாள். தைத்து எடுத்ததுபோல் இருந்தது. மாரெக் தொழில் சுத்தமாகக் குனிந்து அவள் முழங்கையைத் தட்டிப் பார்த்தான். பேட் சரியாக அங்கேதான் இருந்தது. "கச்சிதம்" என்றான்.

"கச்சிதமாத்தான் இருக்கும்" என்றாள் புருல்கான் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "கடையில நான்தானே போட்டுப் பாத்தேன்."

"நீங்களா!"

"பின்ன? அந்தக் கடைப் பையன், ஆள் உங்களைவிடச் சின்னவரான்னு கேட்டான். எங்க வீட்டு மாப்ளையைப் பத்தி ஒரு அந்நியன்கிட்ட ஆமா, சின்னவர்தான்னு எப்படிச் சொல்லுவேன்?"

அந்த ஆறு பேரையும் பக்கத்து ஊர் வழிகாட்டி எர்கின் கூட்டிப்போனான். ஷெரலி அவர்கள் போன புழுதியைப் பார்த்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினான். பிஷ்கெக் வரைக்கும் புருல்கானும் கூட வந்தாள். மூன்று மணி நேரமும் வெயிலில் முகமெல்லாம் வழிந்தும் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. எக்ஸ்ரேயில் பிளேட் அசையாமல் இருந்தது. நூல் இழையில் தப்பித்திருக்கிறாய், மூன்று வாரம் வண்டி பக்கமே போகாதே என்றார் டாக்டர். ஷெரலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போனார்கள். கடைப் பையன் அவளை அடையாளம் கண்டு சிரித்தான். அவள் மேலிருந்த ஜாக்கெட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"ஸ்டூலைப் போடு" என்றாள் புருல்கான். "மாப்ளே, உக்காருங்க. வலிக்காத அளவுக்குக் கையை நீட்டுங்க."

பையன் அலமாரிப் பக்கம் திரும்பி, "சாருக்கு எந்த நம்பர்மா? ஐம்பத்தாறு எடுக்கட்டுமா, தாராளமா இருக்கும்" என்றான். கடையில் இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐம்பது" என்றாள் புருல்கான், தெரு வரைக்கும் கேட்கிற குரலில். "என் மாப்ளை என்னைவிடச் சின்னவர். ஐம்பது எடு."