ஒரு ஜோடி குறைந்த மாலை

முந்நூறு வருட மரத்தரை என்பதால் எங்கள் அரண்மனை அருங்காட்சியகத்துக்குள் யாரும் வெறும் ஷூவோடு நடப்பதில்லை. வாசல் பெட்டியிலிருந்து கம்பளிச் செருப்பை எடுத்து, ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கிப் போக வேண்டும். இருபத்தைந்து பேர் வந்தாலும் சத்தமே இருக்காது. வழிகாட்டியான எனக்கு அதுதான் பயம். யார் பின்தங்கினாலும் காதுக்குத் தெரியாது.

போன மாதம் ஒருநாள் மாலை என் கடைசிச் சுற்றுக்குப் பிறகு இளவரசியின் அறையில் தந்தத்தாலான மூக்குப்பொடி டப்பா ஒன்று காணாமல் போனது. இன்னொன்று போனால் எனக்கு வேலை இல்லை என்று இயக்குநர் கெர்லிண்ட் சொல்லிவிட்டார்.

இந்த வாரம் ஒரு மாலைச் சுற்றில் சாம்பல் கோட்டு போட்ட ஒருவர் வந்திருந்தார். மற்றவர்கள் கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்க்க, அவர் ஜன்னல்களை எண்ணினார். வெளியே பதினொன்று, உள்ளே பத்துதானே என்றார். இரு பக்கமும் ஒத்திருக்க ஒன்றை வெளிச்சுவரில் வெறும் ஓவியமாக வரைந்திருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பாமல் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

சுற்று முடிந்து எண்ணினால் ஒரு ஜோடி செருப்பு குறைந்தது. சாம்பல் கோட்டுக்காரரையும் காணோம்.

அரண்மனைக் காவலர் டெட்லெஃப் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மாட்டிக்கிட்டே வெளிய போயிருப்பான். நீ வீட்டுக்குக் கிளம்பு, நான் பூட்டிக்கிறேன்" என்றார். என் பையைக்கூட எடுத்துக் கொடுத்தார். இருபது வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. பிறகு பூங்காக் கதவை மூடப் போவதாகச் சொல்லிப் போனார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. கம்பளிச் செருப்போடு மாடிக்கு ஏறினேன். ஜன்னல் வழியே பார்த்தால், கீழே நீரூற்றுக்குப் பக்கத்தில் சாம்பல் கோட்டுக்காரர். காலில் எங்கள் செருப்பு. இன்னும் ஜன்னல்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

அப்போதுதான் இளவரசியின் அறையில் ஷூ சத்தம் கேட்டது.

அந்த அறைச் சுவரில் வேலைக்காரர்கள் பூங்காவிலிருந்து வந்துபோன பழைய கதவு ஒன்று உண்டு. அங்கே செருப்புப் பெட்டி கிடையாது. எட்டிப் பார்த்தேன். டெட்லெஃப்பின் கை கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. என்னைப் பார்த்ததும் மெதுவாக அலமாரியைச் சாத்தினார்.

"யாரை நம்புவாங்கன்னு யோசிச்சுக்க, ரோஸ்விதா. டப்பா போனது உன் சுற்றுலதானே."

அவர் முன்னாலேயே இயக்குநருக்குப் போன் செய்தேன். டெட்லெஃப் தடுக்கவில்லை. அலமாரியில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

பூங்காவுக்கு அடுத்த வீட்டிலிருந்து கெர்லிண்ட் பத்து நிமிடத்தில் வந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். ஏதோ சத்தம் கேட்டு ஓடிவந்ததாகவும், என்னை அலமாரியருகே பிடித்ததாகவும் டெட்லெஃப் சொன்னார். கெர்லிண்ட் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். ஷூவில் ஒட்டிவந்த பூங்காச் சரளைக்கல் கிழித்த வெள்ளைக் கீறல்கள், சுவர்க் கதவிலிருந்து நேராக அலமாரிவரை போயிருந்தன. முட்டி வலியோடு மண்டியிட்டு ஒரு கீறலை விரலால் தடவினார்.

"பூங்காவுல இருந்தவருக்குக் கம்பளிச் செருப்புச் சத்தம் எப்படிக் கேட்டுச்சு?"

டெட்லெஃப் கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"போலீஸ் வர்றவரைக்கும் அசையாதீங்க" என்றார் கெர்லிண்ட். "தரை பாழாகுது."