இதுவும் சித்திரம்தான்

சித்தப்பா அந்தப் பழமொழியைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் கதவாவது மிஞ்சியிருக்கும்.

தாத்தா கட்டிய வீடு. அப்பாவுக்குப் பாதி, சித்தப்பாவுக்குப் பாதி. அப்பா இறந்த பிறகு எங்கள் பாதியையும் சித்தப்பாவே வாங்கிக்கொள்வதாக முடிவானது. விலை பேச வந்த அன்று ஹாலில் சித்தப்பா, சித்தி, தரகர், அம்மா, நான். அம்மா பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கதவு, குழாய், மின்விசிறி, சமையலறை அலமாரி எல்லாம் தான் போட்டது, அதையும் கொஞ்சம் மனதில் வைத்து விலையைச் சொல்லலாமே என்றாள். கெஞ்சவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள், அவ்வளவுதான்.

சித்தப்பா நாற்காலியோடு பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணி, சுவர் இருந்தாத்தான் சித்திரம். சுவரு எங்கப்பா வெச்சது. நீங்க மாட்டினது, ஒட்டினது எல்லாம் சித்திரம். சித்திரத்துக்கு யாராவது விலை குடுப்பாங்களா?"

தரகர் சிரித்தார். வாங்குகிறவர் சிரிக்கும்போது சிரிப்பது அவர் தொழில். சித்தி சிரிக்கவில்லை. சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, ராத்திரி வேலையை விட்டுவிட்டானாமே, இனிமேல் பகலிலும் தூங்குவானா என்று அம்மாவிடம் கேட்டார். எனக்கு இப்போது எந்த நேரத்திலும் தூக்கம் வருவதில்லை. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எல்லாம் முடிந்து எழுந்தபோது அம்மா தரகரிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். காலி செய்யும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம்? தரகர் இதை நூறு வீட்டில் சொல்லியிருப்பார், அந்த வேகத்தில் சொன்னார்.

"ஸ்குருல நிக்கிறது உங்களதும்மா. சிமெண்டுல நிக்கிறது வீட்டோடது."

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டே கையை வீசினார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க அண்ணி. எனக்கு எங்கப்பா சுவரு போதும்."

அம்மா "சரி தம்பி" என்றாள். அம்மா சரி என்று சொன்னால் பேச்சு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அவளோடு ஒரே வீட்டில் இருந்து பார்க்காதவர்கள்.

சாவி கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள். சாமான்களை எல்லாம் வாடகை வீட்டுக்கு ஏற்றி அனுப்பியாகிவிட்டது. காலையில் அம்மா என் கையில் திருப்புளியையும் குறட்டையும் கொடுத்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டேன். வாசல் அழைப்பு மணியிலிருந்து என்றாள்.

மெயினை அணைத்துவிட்டு மணியைக் கழற்றினேன். அடுத்து மின்விசிறிகள். சுவிட்சுகள், பல்பு மாட்டும் கூடுகள். கம்பி முனைகளுக்கு டேப் சுற்றி உள்ளே தள்ளினேன். திரைச்சீலைக் கம்பி, துணி மாட்டும் கொக்கி, கண்ணாடி, சோப்புத் தட்டு. சமையலறை அலமாரியை நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இறக்கினோம். அம்மா துணி தைக்கும் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தவள். வீட்டில் இருந்த ஒவ்வொன்றும் அவளுடைய ஏதோ ஒரு ஓவர்டைம். எது எந்தப் பண்டிகைக்கு முந்தின அவசர ஆர்டர், எது எந்த மழைக்காலம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று அதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கழற்று என்றாள், கழற்றினேன்.

குழாய்களைக் கழற்றும்போது மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் அடைப்பான் போட்டு இறுக்கச் சொன்னாள். நாளைக்கு வருகிறவர்கள் நனையட்டுமே என்றேன்.

"தண்ணி கசிஞ்சா சுவரு ஊறிடும். சுவரு அவங்கப்பாவோடது. ஒரு சொட்டு படக்கூடாது."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் இது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குப் புரிந்தது.

கழிப்பறையில் கொஞ்ச நேரம் யோசித்தாள். பீங்கான் தரையில் சிமெண்டோடு உட்கார்ந்திருந்தது. மூடி மட்டும் ஸ்குருவில் நின்றது. மூடியைக் கழற்றச் சொன்னாள். பீங்கானைக் காட்டி, அது இருந்துவிட்டுப் போகட்டும், அவர் வாயால் சொன்னதையெல்லாம் போட ஓர் இடம் வேண்டும் அல்லவா என்றாள்.

மதியத்துக்கு மேல் கதவுகள். கீலில் துரு ஏறிப்போய் ஸ்குரு அசையவில்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, உளியால் தட்டித் தட்டி எடுத்தேன். உள்கதவுகள் எல்லாம் ஹாலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. வாசல் கதவை நாளைக்குக் காலையில் எடுப்போம் என்று அம்மா சொல்லிவிட்டாள். பிறகு ஆணிகள். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டு சுவர் சுவராகப் போனோம். காலண்டர் ஆணி, படம் மாட்டிய ஆணி, எதற்கு அடித்தோம் என்றே தெரியாத ஆணி. ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டேன். அம்மா பின்னாலேயே சுண்ணாம்பு மாவைக் குழைத்துக்கொண்டு வந்து துளைகளை அடைத்தாள்.

"ஓட்டை கூட நம்மளுதாம்மா?"

"நாம போட்டதுதானே. அவங்கப்பா ஓட்டையோடயா குடுத்தாரு?"

ஹாலுக்கும் சின்ன அறைக்கும் நடுவில் இருக்கும் சுவருக்கு வந்தோம். அந்தச் சின்ன அறையில்தான் சித்தப்பாவின் மகன் குடிவரப்போகிறான். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அறைக்குப் புதுக்கட்டில் வாங்கியாகிவிட்டது என்று சித்தப்பா தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

அந்தச் சுவரில் ஒரு பெரிய கொக்கி. குறட்டால் பிடித்து இழுத்தேன். மற்ற சுவர்களில் ஆணி பிடுங்கினால் விரல் நுனியளவு துளைதான் விழும். இங்கே உள்ளங்கை அளவு பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் இல்லை. சாம்பல் நிறத்தில், நடுவில் பொள்ளலான சிமெண்ட் கல். தட்டிப் பார்த்தேன். தகர டப்பா மாதிரி சத்தம்.

"இது வேற கல்லும்மா. தாத்தா ஏன் இங்க மட்டும் இப்படிக் கட்டினாரு?"

அம்மா மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பெயர்ந்த இடத்தில் விரலை விட்டுக் கல்லைத் தொட்டாள். இத்தனை நாள் மறந்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து சொன்னாள்.

சித்தப்பாவுக்குக் கல்யாணமானபோது வேலை இல்லை. போக இடமும் இல்லை. ஹால் அப்போது ஒரே நீளம். அப்பாவும் அம்மாவும் நானும் ஒரு பக்கம், நடுவில் கயிற்றில் ஒரு புடவை, அந்தப் பக்கம் புதுப்பெண்ணோடு சித்தப்பா. நான் கைக்குழந்தை. சித்தி ராத்திரி முழுக்க அசையாமல் படுத்திருப்பாளாம். வளையல் சத்தம் கேட்கக்கூடாது என்று வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பாளாம். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியில் தொடர்ந்து ஓவர்டைம் பார்த்து, கொத்தனாரைக் கூட்டிவந்து, குறுக்கே இந்தச் சுவரை எழுப்பி ஒரு கதவும் வைத்தாள். சித்தப்பாவின் மகன் பிறந்தது அந்த அறையில்தான். தனியாக வீடு பார்த்துக்கொண்டு போகும்வரை அவர்கள் இருந்ததும் அங்கேதான்.

"சுவரு எங்கப்பா வெச்சதுன்னு இந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டுத்தான்டா சொன்னாரு" என்றாள்.

எழுந்தாள். நாலடி தள்ளி நின்று சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அப்ப இதுவும் சித்திரம்தான்."

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். சுவர் கூரையைத் தாங்கவில்லை. மேலே விரற்கடை இடைவெளியில் வெறும் பூச்சுதான். இடித்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. எங்களுக்குத்தான் ஆகும். தரகர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன்: சிமெண்டில் நிற்பது வீட்டோடது.

"அந்த சிமெண்டும் நான் வாங்கினதுதான்."

சித்தப்பா போலீஸுக்குப் போவார் என்றேன்.

"போகட்டும். போய், என் வீட்டுச் சுவரை இடிச்சுட்டாங்கன்னு சொல்லட்டும். எந்தச் சுவருன்னு கேப்பாங்கல்ல? யாரு வெச்சதுன்னு கேப்பாங்கல்ல? அவரு வாயால சொல்லணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

நான் சுத்தியலை எடுத்தேன். முதல் அடிக்குக் கை தயங்கியது, உண்மைதான். இரண்டாவது அடியிலிருந்து தயங்கவில்லை. அப்பா படுக்கையில் கிடந்தபோது இந்த மனிதர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காததும், சாவுக்கு வந்த அன்று கூடத்தைக் கண்ணால் அளந்ததும், பகலில் தூங்குவானா என்று கேட்டதும் எல்லாம் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டன. நல்ல வேலை. இத்தனை நாளில் நான் முழு மனதோடு செய்த வேலை அது ஒன்றுதான். பொள்ளல் கல் என்பதால் இருட்டுவதற்குள் சுவர் இறங்கிவிட்டது. அம்மா இடிபாட்டைச் சாக்கில் அள்ளிக் கட்டினாள். அதையும் விடக்கூடாதாம். கடைசியில் தரையைப் பெருக்கித் துடைத்தாள். சுவர் நின்ற இடத்தில் மட்டும் ஒரு சொரசொரப்பான பட்டை, ஆபரேஷன் தழும்பு மாதிரி, ஹாலின் குறுக்கே கிடந்தது.

மறுநாள் காலையில் வாசல் கதவையும் கழற்றி வேனில் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் அவர்கள் லாரி வந்தது. சித்தப்பா, சித்தி, மகன், மருமகள். தரகர் பைக்கில் பின்னாலேயே வந்தார். அம்மா வாசல் நிலைக்கு முன்னால் நின்று, சித்தப்பாவின் கையில் சாவியை வைத்தாள். அவர் சாவியைப் பார்த்தார், கதவில்லாத நிலையைப் பார்த்தார்.

"கதவு எங்க அண்ணி?"

"அது சித்திரம் தம்பி."

அவர் உள்ளே போனார். ஒவ்வோர் அறையாக அவர் செருப்புச் சத்தம் வேகமாகிக்கொண்டே போனது. சுவிட்ச் இருந்த இடத்தில் கையை வைத்திருப்பார் போல, ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. சமையலறையிலிருந்து இன்னொன்று. தரகர் நிலைப்படியில் நின்று, குழாய்கூட ஸ்குருவில்தான் நிற்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்தத் தடவை அவர் யாரோடும் சேர்ந்து சிரிக்கவில்லை.

அதற்குள் லோடு இறக்குகிறவர்கள் இரண்டு பேர் புதுக்கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார்கள்.

"இது எந்த ரூமுக்கு சார்?"

சித்தப்பா பழக்கத்தில் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. கையின் எதிரே வெறும் வெளி, அதற்கப்பால் ஜன்னல். கட்டில் தூக்கியவர்களுக்குக் கழுத்து வலித்தது. சீக்கிரம் சொல்லுங்க சார் என்றார்கள். மருமகள் தயங்கித் தயங்கி, மெதுவாகத்தான் கேட்டாள்.

"மாமா, எங்களுக்குத் தனியா ஒரு ரூம் இருக்குன்னு சொன்னீங்களே?"

சித்தப்பா அம்மா பக்கம் திரும்பினார். போலீஸ், கேஸ், எங்கப்பா வீட்டை இடிக்க நீங்க யாரு என்று குரல் ஏறிக்கொண்டே போனது. சித்தி தரையில் கிடந்த அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல் கணவனிடம் சொன்னாள்.

"மருமக கேக்கறா இல்ல. ரூம் என்னாச்சுன்னு சொல்லுங்க. யாரு கட்டின ரூமுன்னும் சேத்துச் சொல்லுங்க."

லோடுக்காரர்கள் கட்டிலைத் தரையில் வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மகனும் பார்த்தான். அவனுக்கும் இது புதுச் செய்தி.

"அந்தச் சுவரு... அண்ணி வெச்சது" என்றார், தரையைப் பார்த்து.

"காதுல விழல தம்பி" என்றாள் அம்மா.

"அண்ணி வெச்ச சுவரு. எங்களுக்காக வெச்சாங்க. போதுமா?"

அம்மா தலையை ஒரு தடவை அசைத்துவிட்டு வெளியே வந்து வேனில் ஏறினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் கதவுகளும் குழாய்களும் சாக்கு மூட்டைகளும். வாடகை வீட்டில் கதவும் குழாயும் ஏற்கெனவே இருக்கின்றன. இதில் ஒன்றைக்கூட அங்கே மாட்ட முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

வண்டி கிளம்பும் முன் கதவில்லாத வாசல் வழியாக உள்ளே தெரிந்தது. சித்தி பெட்டியைத் திறந்து ஒரு பழைய புடவையை எடுத்து உதறினாள். ஒரு முனையை மருமகளிடம் கொடுத்து, இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் போனாள். ஆணி தேடுகிறாள். இந்தப் பக்கச் சுவர், அந்தப் பக்கச் சுவர். அம்மா அடைத்த துளைகள் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

பிஸ்கட் டப்பா என் மடியில் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன்.

"ரெண்டே ரெண்டு குடுத்துட்டு வரட்டுமா?"

அம்மாவும் உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தியின் கையிலிருந்தது அன்று ஹாலின் நடுவில் கயிற்றில் தொங்கிய அதே புடவையா, அவளுக்கு அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. டப்பாவை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்து, மூடியை அழுத்தி மூடினாள்.

"வண்டியை எடுக்கச் சொல்லு" என்றாள்.