கேமராவுக்குத் தெரிஞ்ச மூஞ்சி

முன்னாடி 'அவர்'னு சொல்லிக்கிட்டிருந்தேன், இப்ப 'அவன்'. விவாகரத்துல எனக்குக் கிடைச்ச ஒரே சொத்து அதுதான். தாராளமா செலவு பண்றேன்.

அவனும் வர்றான்னு என்கிட்ட யாரும் மூச்சு விடல. மூடிக் கிடந்த பழைய கிளினிக் ஒண்ணு. படத்துல முக்கால்வாசிக் கதை அங்கதான் நடக்குது. எந்த கேமராவுல எடுக்கலாம்னு பாக்க டைரக்டர் மேடம் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தாங்க. நான் ஸ்டாண்டைத் தோள்ல சுமந்துக்கிட்டு உள்ள நுழையுறேன், நோயாளிங்க உக்கார்ற நாற்காலியில கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கான். மடியில அந்தச் சின்ன மிரர்லெஸ் கேமரா. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பத்திக்கிச்சு.

அந்த கேமராதான் என் சக்களத்தி. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

நான் ஃபோகஸ் பிடிக்கிறவ. சினிமா கேமராவுல லென்ஸை ஒட்டி ஒரு சக்கரம் இருக்கும். நடிக்கிறவங்க ஒரு அடி முன்னால வந்தா அதை மயிரிழை இந்தப் பக்கம் திருப்பணும், பின்னால போனா அந்தப் பக்கம். ஒழுங்கா திருப்பினா அங்க ஒருத்தி நிக்கிறதே யாருக்கும் தெரியாது. கொஞ்சம் தப்பினா மூஞ்சி மங்கிடும், அப்ப மட்டும் எல்லாருக்கும் நம்ம பேர் ஞாபகம் வரும். அவன் கேமரா பிடிப்பான், நான் ஃபோகஸ் பிடிப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்டூடியோ ஆரம்பிச்சோம்.

அப்புறம் இந்தச் சின்னது வந்துது. தானாவே மூஞ்சியைத் தேடி ஃபோகஸ் பண்ணிக்கும். வந்த வாரமே, வேலை செய்யிற அத்தனை பேரையும் வெச்சுக்கிட்டு அவன் என்னைப் பாத்துச் சொன்னான்: "இது உன்னைவிட நல்லா ஃபோகஸ் பிடிக்குது. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காது, எதிர்த்துப் பேசாது. இனிமே நீ வீட்டைப் பாத்துக்கோ." எல்லாரும் சிரிச்சாங்க. என் நாத்தனார் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா.

அதோட விட்டானா? நான் வெளிய வந்து வேற இடத்துல வேலை தேடினப்ப, போற இடமெல்லாம் ஒரு பேச்சைக் கிளப்பி விட்டான். எனக்குக் கை நடுங்குதாம். எங்க தொழில்ல அப்படி ஒரு பேர் வந்தா அவ்வளவுதான், முடிஞ்சுது கதை. போன் அடிக்கவே அடிக்காது. மூணு வருஷமா ஒரு கடையில உக்காந்து, "தோளை நேரா வைங்க, கண்ணை மூடாதீங்க"ன்னு விண்ணப்பத்துல ஒட்டுற போட்டோ எடுத்துக்கிட்டிருக்கேன். "விடும்மா, போனாப் போறான்"னு என் அண்ணன் சொல்றான். அண்ணனுக்கு என்ன? கெட்டது அண்ணன் பேரா?

இந்தப் படத்துக்கு கேமராமேன் எங்க பழைய நண்பர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார், அதனால பேரே கண்ணாடிதான். அவருக்குப் பெரிய சினிமா கேமராமேல உசிரு. "நீ வந்து ஃபோகஸ் பிடி, நான் பாத்துக்கிறேன்"னு கூப்பிட்டார். ஆனா மேடம் மனசுல மிரர்லெஸ். அந்த வகையில ஒண்ணை வெச்சிருக்கிற ஆளுன்னு யாரோ இவனைக் கை காட்டியிருக்காங்க. ஆக விஷயம் இதுதான். பெரிய கேமரா ஜெயிச்சா எனக்கு வேலை, என் பேர் மேல இருக்கிற கறையும் போகும். சின்னது ஜெயிச்சா அவன் உள்ள, நான் திரும்பவும் அந்தக் கடைக்கு.

மேடம் என்னைவிட வயசுல சின்னவங்க, முதல் படம். ஆனா வழவழா கொழகொழா பேச்சே கிடையாது. "மூணு ஷாட். ரெண்டு கேமராவுலயும் எடுங்க. நான் பாத்து முடிவு பண்றேன்"ன்னாங்க.

முதல்ல நாங்க. ஜன்னல் பக்கத்துல நர்ஸா நடிக்கிற பொண்ணு நிக்கிற ஷாட். பெரிய கேமராவுல பாக்கணுமே! வெளிய அடிக்கிற வெயில்ல மரத்து இலையெல்லாம் தெரியுது, உள்ள நிழல்ல அவ கன்னமும் தெரியுது. கண்ணாடி பெருமையில நெஞ்சை நிமித்தினார். அடுத்தது ஊசி போடுற ரூம். அங்கதான் இடிச்சுது. ஸ்டாண்டு, கேமரா, செங்கல் கனத்துக்கு பேட்டரி, அவர், நான். எல்லாம் உள்ள போனதுக்கப்புறம் நர்ஸுக்கு நிக்க இடமில்ல. மேடம் உதட்டைப் பிதுக்கினாங்க. மூணாவது, வராந்தா. நாற்காலி வரிசையில நோயாளிங்க உக்காந்திருக்க, நர்ஸ் அந்தக் கோடியிலிருந்து கேமராவை நோக்கி நடந்து வரணும். சக்கரத்துல விரலை வெச்சேன். அவ ஒவ்வொரு அடிக்கும் என் விரல் கூடவே வந்துது. மங்கல்னு ஒரு நொடி கிடையாது.

அப்புறம் அவன். நியாயத்தைச் சொல்லணும்ல, ஜன்னல் ஷாட்ல அவன் கேமரா தோத்துது. வெளிய மரம் இருந்த இடத்துல வெறும் வெள்ளை. ஆனா ஊசி ரூம்ல புகுந்து விளையாடிட்டான். கையிலயே தூக்கிக்கிட்டு கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல நுழைஞ்சான், அவ திரும்புற பக்கமெல்லாம் திரும்பினான், ஃபோகஸ் அவ கண்ணை விட்டு நகரல. மேடம் முகத்துல வெளிச்சம்.

வெளிய வந்தவன் எல்லார் காதுலயும் விழற மாதிரி என்கிட்ட கேட்டான்: "கை எப்படி இருக்கு? நடுக்கம் குறைஞ்சுதா?"

மேடம் சட்டுனு என் கையைப் பாத்தாங்க. நர்ஸ் பொண்ணும் பாத்துது. வாடா மவனே, இன்னிக்கு உன்னை விடறதில்லைன்னு பல்லைக் கடிச்சேன்.

அப்பதான் அது ஞாபகம் வந்துது. அந்த கேமராவுல ஒரு வசதி உண்டு. ஒரு மூஞ்சியைக் காட்டி அதுல பதிஞ்சு வெச்சுட்டா, எத்தனை பேர் நின்னாலும் அந்த மூஞ்சியைத்தான் முதல்ல தேடிப் போகும். கேமரா வாங்கின அன்னிக்கு எல்லா செட்டிங்கும் போட்டது நான்தான். அவன் பெட்டியில வர்ற புத்தகத்தைப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டான். சோதிச்சுப் பாக்கறதுக்கு என் மூஞ்சியையே பதிஞ்சிருந்தேன். இன்னும் இருக்குமா? அவன் அந்த மெனுவுக்குள்ள போனா திரும்பி வர வழி தெரியாது. இருக்கும், கட்டாயம் இருக்கும்.

"மேடம், நோயாளி வரிசையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. இப்பதான் எனக்கு வேலையில்லையே, நான் உக்காரவா?"ன்னு கேட்டேன்.

"உக்காருங்க."

கடைசி நாற்காலியில போய்த் தலையைக் குனிஞ்சு உக்காந்தேன். ஆக்‌ஷன் சொன்னாங்க. நர்ஸ் பாதி வராந்தா வந்ததும் மெல்ல நிமிந்து லென்ஸைப் பாத்தேன்.

"கட்! என்ன சார், நர்ஸ் மங்கிட்டாங்க?"

ஐயோ, அந்த வார்த்தை! காதுல தேன் பாஞ்சுது.

"கூட்டம் இருந்தா ஒரு தடவை தடுமாறும் மேடம். இன்னொரு டேக்"ன்னான். இன்னொரு டேக்ல நான் விளையாடவே ஆரம்பிச்சுட்டேன். குனிஞ்சா கேமரா நர்ஸ்கிட்ட போகும், நிமிந்தா என்கிட்ட ஓடி வரும். மறுபடி குனிவேன், மறுபடி நிமிருவேன். மானிட்டர் பக்கத்துல நின்ன கண்ணாடி வாயைக் கைக்குட்டையால பொத்திக்கிட்டார்.

மூணாவது டேக்ல அவனுக்கு உறைச்சுது. பதிஞ்ச மூஞ்சியைப் பாத்தா திரையில வேற நிறத்துல கட்டம் வரும். அது என் மேல வந்து உக்காந்ததைப் பாத்துட்டான். முகத்துல ஈயாடல.

"மேடம், அந்தக் கடைசியில இருக்கிற அம்மாவை மட்டும் எழுப்பிடலாமே"ன்னான். குடும்பம் நடத்தினவ இப்ப 'அந்த அம்மா'.

"ஏன்?"

"இல்ல... சும்மா..."

"படத்துல எண்பது பேர் வருவாங்க சார். ஒவ்வொருத்தரா எழுப்பிக்கிட்டிருக்க முடியுமா? அஞ்சு நிமிஷம் எடுத்துக்கோங்க, சரி பண்ணுங்க."

நான் கை கழுவுற இடத்துக்குப் போனேன். பின்னாலயே வந்தான்.

"உன் மூஞ்சிதானே? எப்படி எடுக்கிறது?"

"புத்தகத்துல போட்டிருக்கும் சார். படிங்க."

"விளையாடாத. மொத்தமா அழிச்சா என் செட்டிங் எல்லாம் போயிடும்."

"உங்க செட்டிங்கா? அது அத்தனையும் நான் போட்டது."

அவன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாத்தான். கண்ணுல கெஞ்சல். மூணு வருஷமா இந்த மூஞ்சியை இப்படிப் பாக்கணும்னுதான் நான் கறுவிக்கிட்டிருந்தேன். வாயைத் திறக்காம நின்னிருந்தாலே போதும், வேலை எனக்கு. தெரியும். ஆனா எனக்கு அது பத்தல. அவன் என்னைப் பத்திச் சொன்னது ஊர் முழுக்கச் சுத்துது, அதை அவன் வாயாலயே திருப்பி வாங்காம என் மனசு ஆறாது. வேலை போனாப் போகட்டும்னு தோணிடுச்சு.

"அழிச்சுத் தர்றேன். ஆனா அங்க வந்து, எல்லார் முன்னாடியும், என் கை நடுங்காதுன்னு சொல்லணும். அது நீங்க கட்டிவிட்ட பொய்னு சொல்லணும்."

"உனக்குப் பைத்தியமா?"

"சரி, வேணாம்." நான் நகர்ந்தேன்.

"இரு, இரு."

வராந்தாவுக்கு வந்தோம். நர்ஸ், கண்ணாடி, மேடம், நாற்காலியில இருந்த அத்தனை பேரும் எங்களையே பாத்தாங்க. அவன் தரையைப் பாத்துக்கிட்டு முணுமுணுத்தான்.

"சத்தமா"ன்னேன்.

"இவங்களுக்குக் கை நடுங்காது. நான் சொன்னது பொய். கோவத்துல சொன்னேன்."

நான் அழல. அழுவேன்னு நினைச்சேன், வரல. உடம்பு மட்டும் லேசாயிடுச்சு. கேமராவை அவன் கையிலிருந்து வாங்கி, மெனுவுக்குள்ள போய், என் மூஞ்சியை எடுத்தேன். நிஜமாவே அழிக்கணுமான்னு கேட்டுது. ஆமான்னு அமுக்கினேன். திருப்பிக் குடுத்துட்டு அதே நாற்காலியில போய் உக்காந்து, நல்லா நிமிந்தே பாத்தேன். நர்ஸ் கடைசி வரைக்கும் பளிச்சுனு நடந்து வந்தா. அவன் நிம்மதியா மூச்சு விட்டான்.

மேடம் ரெண்டு நிமிஷம் மானிட்டரையே பாத்தாங்க.

"ஜன்னல் ஷாட்டுக்குப் பெரிய கேமராதான், அதுல பேச்சே இல்ல. ஆனா படம் முழுக்க இந்த மாதிரிச் சின்ன ரூம். மிரர்லெஸ்லயே எடுக்கலாம்."

அவன் பல் எல்லாம் தெரிஞ்சுது. நான் ஸ்டாண்டை மடக்க ஆரம்பிச்சேன். வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய், இருந்துது.

"அம்மா, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" மேடம் என்னைப் பாத்துதான் கேட்டாங்க. "உங்க மூஞ்சி மேல கட்டம் வந்து உக்காந்ததை நானும் மானிட்டர்ல பாத்தேன். வேணும்னேதானே பண்ணீங்க?"

"ஆமா மேடம்."

"என் ஷூட்டிங்ல பண்ணீங்கன்னா நானே கையை முறிச்சிடுவேன். நாளையிலிருந்து இந்த கேமரா உங்க பொறுப்பு." அப்புறம் அவன் பக்கம் திரும்பினாங்க. "சார், கேமராவை மட்டும் வாடகைக்குக் குடுங்க. ஆள் வேணாம்."

"கேமரா மட்டுமா? மேடம், நான் இல்லாம..."

"அதுல இருக்கிற ஒரு மூஞ்சியை எடுக்க உங்களால முடியல. ஒரு பொம்பளையோட பொழைப்பைக் கெடுக்கப் பொய் சொல்ற ஆளு நீங்கன்னும் இப்ப நீங்களேதான் சொன்னீங்க. குடுக்க இஷ்டமில்லைன்னா பரவாயில்ல, கடையில புதுசு வாங்கிக்கிறோம்."

வராந்தாவுல ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூட அவனுக்குத் தேவலாம்னு இருந்திருக்கும். வாடகை அவனுக்கு வேணும், எனக்குத் தெரியும். கழுத்துல மாட்டியிருந்த பட்டையைக் கழட்டி கேமராவை என்கிட்ட நீட்டினான். வாங்கிக்கிட்டேன். பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வாசலைப் பாத்து நடந்தான்.

"சார்"னு கூப்பிட்டேன்.

நின்னான்.

"சார்ஜரையும் வெச்சிட்டுப் போங்க."