எட்டு இன்ச் சம்பந்தம்

என் அத்தா நாகூர் மீரான் ஒரு பொருளை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்குள் அந்தப் பொருளுக்கே வயதாகிவிடும். பிட் ஸ்திரீட்டில் நாணயம் மாற்றும் கடை வைத்திருக்கிறவர். எந்தப் பணத்தாளையும் விளக்கில் பிடித்துப் பார்க்காமல் கைநீட்டி வாங்கியதில்லை. அதே பழக்கத்தில், கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் எட்டு இன்ச் டேப்லட்டையும் தூக்கி ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் மெல்ல நழுவி வெளியே போய் நின்றுகொண்டேன்.

டேப்லட் வாங்கியது என்னைப் பெண் பார்க்க. மாப்பிள்ளை வீடு புக்கிட் மெர்தாஜாமில், பாலத்துக்கு அந்தப் பக்கம். தீவில் இருக்கிற எங்களுக்கு அக்கரைக்குப் போவதென்றால் ஏதோ ஹஜ்ஜுக்குப் போகிற நினைப்பு. அக்கரையில் இருக்கிறவர்களுக்கோ பாலத்து ஜேமை, அந்த வண்டி நெரிசலை, நினைத்தாலே காய்ச்சல் வந்துவிடும். மாப்பிள்ளையின் அம்மா ஹபீபா பீவி, தனக்கு முழங்கால் வலி, ஜேமில் உட்கார முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெண் வீட்டார் முதலில் போய் நிற்பது வழக்கமில்லை என்று அத்தாவும் சொல்லிவிட்டார். கடைசியில் வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

என் போனிலேயே பேசலாமே என்றேன்.

"பொண்ணு போன்லயே பொண்ணு பார்க்கிறதா? நாலு பேர் சிரிப்பாங்க லா," என்றார் என் அம்மா ருக்கையா.

எனக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் நான் இஞ்சினியர். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன். அதை நிக்காஹ்வுக்கு முன்பே, மாப்பிள்ளையின் காதில் விழும்படி, நானே சொல்லிவிட வேண்டும். சம்பந்தம் கொண்டுவந்த சலேஹா மாமியோ, அந்த வீட்டு மருமகள்கள் வேலைக்குப் போவதில்லை என்று முன்னாலேயே காதில் போட்டுவிட்டிருந்தார்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம் லா," என்றார் அத்தா.

என் அக்கா இஸ்ஸதிக்கும் இதே 'அப்புறம்'தான் சொன்னார். அக்கா இன்று அக்கரையில், ஜுருவில் இருக்கிற புகுந்த வீட்டில், தன் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதற்குக் கீழே உட்கார்ந்து துணி மடிக்கிறாள்.

டேப்லட்டின் நன்மை தீமைகளை அத்தா ஒரு வாரம் ஆராய்ந்தார். ரேம் ரெண்டு ஜிபிதான், நடுவில் நின்றுவிடும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"நாம என்ன இதை வச்சு கப்பலா ஓட்டப் போறோம்?" என்றார்.

"கேமராவும் மட்டம் அத்தா. மூஞ்சி தெளிவா தெரியாது."

"அது பிளஸ்தானே? உன் பரு தெரியாது."

ஒரு வாரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதுதான் அவரைக் கவிழ்த்தது. வாங்கிவந்தார். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் புதிதாக இருக்க வேண்டுமே என்று, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரிக்கவும் விடவில்லை. எங்கள் வீட்டு சோபாவும் பத்து வருடமாக அப்படித்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பின் வீடியோ கால் வந்தது. டேப்லட்டை பிஸ்கட் டின் மேல் சாய்த்து வைத்து, மூவரும் அதன் முன் வரிசையாக உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் ஹபீபா பீவியும், பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்று சொல்லப்பட்ட அவர் மகன் ஹக்கீமும். சலாம் சொல்லி முடித்ததும் சத்தம் நின்றுவிட்டது. ஹபீபா பீவியின் வாய் மட்டும் அசைந்தது. நிறைய அசைந்தது. நடுவில் முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"அத்தா, ஒண்ணும் கேக்கலை. திரும்பச் சொல்லச் சொல்லுங்க."

"சும்மா இரு. கேக்கலைன்னு சொன்னா மலிவுச் சாமான் வாங்கியிருக்கான்னு நினைக்க மாட்டாங்க?"

சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்து, முகமெல்லாம் பல்லாக, "அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப சந்தோஷம்," என்றார். அடுத்து ஹக்கீம் முன்னால் சாய்ந்து ஏதோ சொன்னார். விளையாட்டுப் பேச்சாகத் தெரியவில்லை. அத்தா அவருக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அம்மா என் தொடையைக் கிள்ளினார். நானும் பல்லைக் காட்டி வைத்தேன்.

திடீரென்று சத்தம் திரும்பி வந்தது. "பொண்ணு ஏதாச்சும் சொல்லணுமா?" என்று ஹபீபா பீவி கேட்டார். அத்தா வாயைத் திறப்பதற்குள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். வேலையை விட மாட்டேன், யார் சொன்னாலும் விட மாட்டேன், இதற்குச் சம்மதம் என்றால் மேலே பேசலாம். அவர்கள் சிரித்த முகமாகவே இருந்தார்கள். அளவுக்கு மீறி அசையாமல் இருக்கிறார்களே, படம் நின்றுவிட்டதோ என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு இணைப்பு தானாகவே அறுந்துவிட்டது.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு அம்மாவின் போனுக்கு ஹபீபா பீவியின் குரல் செய்தி வந்தது.

"ருக்கையா, பொண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு! வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசலையே, சிரிச்ச முகமாவே இருந்துச்சு. நாகூர் மீரான் அண்ணனும் தங்கமான மனுஷர். வர்ற வெள்ளிக்கிழமையே நாள் குறிச்சிருவோம்."

ஒரு வார்த்தை பேசவில்லையாம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

"பார்த்தியா, டேப்லட்டோட பெரிய பிளஸ் இதுதான்," என்று அத்தா தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டேப்லட்டைக் கடலில் வீசியிருப்பேன். திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்தத் திரையையும் நம்ப எனக்கு மனமில்லை. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, என் மோட்டார் பைக்கை அக்கரை போகும் ஃபெரியில் ஏற்றினேன். பெண் பார்க்க மாப்பிள்ளை வீடு வரவில்லை, பெண்ணே போகிறாள் என்று ஊர் பேசினால் பேசட்டும்.

புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஹபீபா பீவி ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. நான் நஸீஹா."

ஸ்டூலில் நின்றபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து பார்த்த பொண்ணு நல்லா செவப்பா இருந்துச்சே?"

"அது கேமரா மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மாமி. அத்தா உரிக்க விடலை." அவரை இறங்கவும் விடாமல் தொடர்ந்தேன். "நேத்து நான் பேசினது உங்களுக்கு வந்து சேரலை. அதான் நேர்ல வந்தேன். கல்யாணம் ஆனாலும் வேலையை விட மாட்டேன்."

ஸ்டூலிலிருந்து குதித்தே விட்டார். ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"விட்டுடாதம்மா! தயவு செஞ்சு விட்டுடாத! இவனுக்கு வேலை போய் ரெண்டு மாசமாச்சு. ஆளைக் குறைச்சுட்டாங்க. அதைத்தானே நேத்து அழுது அழுது சொன்னேன்? உங்கத்தா அல்ஹம்துலில்லாஹ்ன்னாரே!"

"உங்க வீட்டு மருமகளுங்க வேலைக்குப் போறதில்லைன்னு சலேஹா மாமி சொன்னாங்களே?"

"அது இவன் சம்பாதிச்ச காலம்மா."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. வேலைக்குப் போகக் கூடாத மருமகள் இரண்டே மாதத்தில் போயே ஆக வேண்டிய மருமகளாகிவிட்டாள். இரண்டிலும் என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் வாசலில் கால் வைத்தேன். அப்போது பின்பக்கத்திலிருந்து கைலியும் பனியனுமாக ஹக்கீம் வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். டேப்லட் நின்ற மாதிரிதான் இருந்தது, நல்லவேளை கண் சிமிட்டினார்.

"வேலை போனதை நிக்காஹ்வுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னாங்க அம்மா," என்றார். "நான்தான் ஒத்துக்கலை. மறைச்சுக் கட்டிக்கிட்டா அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்? நேத்து சொல்லிட்டேன். நீங்க சிரிச்சீங்க. வேலை போச்சுன்னு சொன்னா யாராவது இப்படிச் சிரிப்பாங்களான்னு எனக்குத் தூக்கமே வரலை."

எங்கள் வீட்டு 'அப்புறம்' இந்த வீட்டிலும் குடியிருந்திருக்கிறது. அது வேண்டாம் என்று சொன்ன ஆள் என் எதிரில் கைலியோடு நின்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதை உடனே வாய்விட்டுச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? நானும் நாகூர் மீரான் பெற்ற பெண்தான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. இதையே எங்கத்தா முன்னால நேர்ல சொல்லுங்க. நான் சொல்ல வேண்டியதையும் அவர் முன்னாலயே சொல்றேன். அதுவரைக்கும் நாள் குறிக்கிற பேச்சு வேணாம்."

"ஞாயித்துக்கிழமையா?" ஹபீபா பீவி பதறினார். "பாலத்துல ஒரே ஜேமா இருக்குமே லா!"

"இருக்கட்டும்மா," என்றார் ஹக்கீம். "எனக்கு ஜேம்ல நிக்க நேரமிருக்கு. வேலைதான் இல்லையே."

அடக்க முடியவில்லை. வாசல்படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சத்தமாகச் சிரித்தேன். ஹபீபா பீவி வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார்.

"நேத்து பார்த்த சிரிப்பு இது இல்லையேம்மா?"

"இதுதான் ஒரிஜினல் மாமி," என்றேன்.